டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது

போன வருஷம் விஜயதசமி அன்று காலை. திருவண்ணாமலையில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் எங்கள் வீடு. முதல் நாள் ஆயுத பூஜைக்கு வைத்திருந்த சாமான்களை எடுத்து அதனதன் இடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்பேனர் டப்பா, இவற்றோடு என்னுடைய பழைய லேப்டாப்பும் பூஜையில் இருந்தது. அதையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, மூடியின் மேல் மூன்று பொட்டு வைத்திருந்தேன். வருஷா வருஷம் செய்வதுதான். அப்போது வெளியூர் ஹாஸ்டலிலிருந்து மகள் போன் செய்தாள்.

காலேஜில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாலு நாள் லீவுக்கு வந்து போவது அலைச்சல் என்று அங்கேயே தங்கிவிட்டாள். எப்போதும் மூச்சு விடாமல் பேசுகிறவள் அன்றைக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நின்றாள். பிறகு, "அம்மா, அப்பா என்னைக் கூப்புடற மாதிரி பேசி வெச்சாரே, அதை அனுப்பும்மா. இங்க எல்லாருக்கும் அவங்கவங்க அப்பா போன் பண்றாங்க" என்றாள். அஞ்சு நிமிஷத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

என் கணவருக்குப் பேச்சு கிடையாது. பிறவியில் அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, அது கெட்ட கட்டி என்று தெரிந்து, சென்னையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிசு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த மனுஷன் எப்பேர்ப்பட்ட வாயாடி என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தார். பௌர்ணமிக்கு ரூம் இல்லை என்று ஒருத்தரிடம் சொல்வதற்கே கால் மணி நேரம் பேசுவார். ரூம் கிடைக்காத ஆள் சிரித்துக்கொண்டே போவார். இப்போது அதே லாட்ஜில் துணிக்கணக்கும் சாவியும் பார்க்கிற வேலையைக் கொடுத்துப் பின்பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி வாங்கினோம். அந்தச் சத்தம் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதிக் காட்டிவிட்டு அதைப் பீரோவில் வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு தடவை கை தட்டுவார். மற்றதெல்லாம் நோட்டில் எழுதுவதுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்தான் அந்த யோசனையைச் சொன்னாள். குரல் இருக்கும்போதே வேண்டியதைப் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஊருக்கு வந்து நாலு நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்து என் போனில் பேசினார். மொத்தம் இருபத்திரண்டு பதிவு. மகளைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, அதையே கோபமாகக் கூப்பிடுவது, சாப்பிட்டாயா என்று கேட்பது, கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது, சும்மா ஒரு சிரிப்பு. மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று "வாங்க வாங்க, எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று வரவேற்பதைக்கூடப் பேசி வைத்தார். அவள் அப்போது பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் பந்தி போட்டாயிற்றா என்று நான் கேலி செய்தேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம்.

கடைசியாக ஒன்று எனக்கு. அதைப் பேசும்போது என்னைக் கீழே போகச் சொல்லிவிட்டார். இறங்கி வந்து போனைக் கையில் கொடுத்து, "இப்ப கேக்காத. எல்லாம் முடிஞ்சி வூட்டுக்கு வந்தப்புறம் நிதானமா கேளு" என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கவில்லை. வந்த புதிதில் மகள் ஒருநாள் அவர் சிரிக்கிற பதிவை ஓடவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பேச முடியாத மனுஷனைப் பக்கத்து ரூமில் வைத்துக்கொண்டு அவர் பேச்சை நான் திருட்டுத்தனமாகக் கேட்பதா என்று எனக்கும் கூசியது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டேன். நல்ல புடவையைக் கட்டாமல் பெட்டியில் மடித்து வைத்து மடிப்பிலேயே இற்றுப்போக விடுகிற ரகம் நான்.

ஆனால் பத்திரமாக வைத்திருந்தேன். அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. டியூஷன் எடுப்பவர்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. அதற்காகப் பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய லேப்டாப் அது. ரொம்ப மெதுவாகிவிட்டது என்று டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். பரம்பரையாக இந்த ஊர்க்காரர், கை சுத்தம், வாய் சுத்தம். அவர் புதிதாக ஒரு வேகமான டிஸ்க்கை உள்ளே போட்டார். பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம் என்று, சிடி போடுகிற இடத்தைக் கழற்றி, அங்கே ஒரு தட்டில் வைத்துச் செருகினார். ஆக என் லேப்டாப்புக்கு இரண்டு டிஸ்க். புதிது சி டிரைவ், பழையது டி டிரைவ். அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "முக்கியமானதெல்லாம் டி-ல போட்டு வெச்சிக்கங்க அக்கா. நாளைக்கு பார்மட்டே போட்டாலும் டி-க்கு ஒண்ணும் ஆவாது."

அதன்படி நடந்தது. இரண்டு தடவை லேப்டாப் மக்கர் செய்து, பாய் கடையில் பார்மட் போட்டார்கள். இரண்டு தடவையும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் பார்த்தேன். எல்லாம் அழிந்துவிடும் என்று கம்ப்யூட்டர் பயமுறுத்தும், பாய் கொட்டாவி விட்டுக்கொண்டே ஓகே கொடுப்பார், கடைசியில் டி டிரைவைத் திறந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். எனவே என் கணவர் குரலை டி-க்கு மாற்றிவிட்டு, இடம் இல்லை என்று கத்திக்கொண்டிருந்த போனிலிருந்து அழித்தேன். அப்புறம் அந்தப் போனையும் கொடுத்துவிட்டுப் புதிது மாற்றிக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் லேப்டாப்பைத் திறந்தால், டி டிரைவைக் காணவில்லை. சி மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் மெக்கானிக் நான்தான். கேஸ் ரெகுலேட்டர், குழாய், மிக்சி எல்லாம் நானே பார்த்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். போனில் வீடியோ பார்த்தேன். ஒருத்தர் ஐந்து நிமிஷம் தன் சேனலைப் பற்றியே பேசிவிட்டு, லேப்டாப் உயிர் பெறும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று அதுவே காட்டும் என்றார். அழுத்தினேன். முதல் வரியில் புது டிஸ்க்கின் பெயர் இருந்தது. இரண்டாவது வரியில் ஒன்றும் இல்லை என்று இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டேன். பழைய டிஸ்க் சுற்றுகிற அந்த மெல்லிய உறுமலும் இல்லை.

பாய்க்குப் போன் போட்டேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தார். பந்திச் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசினார். பௌர்ணமி அன்று கடைக்கு வந்துவிடுவதாகவும், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்றும் சொன்னார். அதற்கு இன்னும் அஞ்சு நாள் இருந்தது. நெட் சரியில்லை, நாளைக்கு அனுப்புகிறேன் என்று மகளுக்குப் பொய் சொன்னேன்.

ஒரு நாள் தொடாமல் இருந்தேன். இரண்டாம் நாள் மேஜையிலிருந்து கட்டிலுக்கு லேப்டாப்பை மாற்றி வைத்துத் திறந்தபோது, டி டிரைவ் தானாக வந்திருந்தது. சந்தோஷத்தில் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடே போட்டுவிட்டேன். ஆனால் திறந்தால் உள்ளே போகவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. டி டிரைவை உபயோகப்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் சொல்கிற ஒரே வார்த்தை, "ஒரு பார்மட் போட்டுடு." காய்ச்சல் என்று போனால் ஊசி போடுகிற மாதிரி. பார்மட் என்றால் அழிப்பது என்று எங்கள் யாருக்கும் பொருள் கிடையாது. கெட்டுப் போனதைச் சரி செய்வது என்றுதான் பொருள். அப்படியே அழிந்தாலும் அது சி-யில் இருப்பதுதானே? கேட்பது டி டிரைவைப் பற்றித்தானா என்று எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். டி-தான். டி-க்குத்தான் பார்மட் போட்டாலும் ஒன்றும் ஆகாதே!

பாய் தொடாதே என்று சொன்னது ஞாபகம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது டிஸ்க்கே தெரியவில்லை, அதனால் சொன்னார், இப்போதுதான் வந்துவிட்டதே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கையும் வந்தது. பென் டிரைவைப் பிடுங்கினால்கூட எச்சரிக்கிற வஸ்துதானே அது.

அதே பெட்டியில் கீழே, விரைவாகச் செய் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. அதைப் பார்த்து யோசித்தேன். பதறாத காரியம் சிதறாது என்று மகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இது அவர் குரல் இருக்கிற இடம். அவசர அடியாகச் செய்ய வேண்டாம், எவ்வளவு நேரம் ஆனாலும் நிதானமாக, முழுசாகச் செய்யட்டும் என்று அந்த டிக்கை எடுத்துவிட்டேன். ஓகே கொடுத்தேன்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பச்சைப் பட்டை ஒன்று ஊர்ந்துகொண்டே போனது. நான் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன், துணி காயப்போட்டேன், நடு நடுவில் வந்து எட்டிப் பார்த்தேன். பாதி தாண்டியதும் மகளுக்குப் போன் செய்து, "அப்பா வந்துக்கினே இருக்காரு, இன்னும் ஒரு மணி நேரம்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மத்தியானம் முடிந்தது என்று வந்தது. டி டிரைவ் பட்டென்று திறந்தது. உள்ளே, இந்த இடம் காலி என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

மூடிவிட்டுத் திறந்தேன். அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்து, டி டிரைவையே பார்மட் செய்தால் என்ன ஆகும் என்று தேடிப் படித்தேன். பாய் போட்டதெல்லாம் சி-க்கு மட்டும் போட்ட பார்மட். அதனால்தான் டி தப்பியது. டி-க்கே போட்டால் டி போய்விடும். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அடுப்பில் குழம்பு தீய்ந்து வாசனை வந்தது. அதற்கப்புறம்தான் எழுந்து போய் அணைத்தேன்.

பாய்க்குப் போன் செய்ய முகம் இல்லை. பௌர்ணமி வரைக்கும் மூன்று நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. பௌர்ணமி நெருங்கினால் லாட்ஜில் வேலை ஜாஸ்தி, அவர் படுக்க மட்டும்தான் வீட்டுக்கு வருவார். அதுவே எனக்கு வசதியாக இருந்தது. அப்படி இருந்தும் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று உனக்கு என்று எழுதிக் கேட்டார். தலைவலி என்றேன். தைலத்தை எடுத்துவந்து என் நெற்றியில் தேய்த்துவிட்டார். அவர் குரலைத் துடைத்துப் போட்டவளுக்கு அவரே தைலம் தேய்க்கிறார் என்று நினைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தைலம் எரிகிறது என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பௌர்ணமி அன்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு பஸ் ஊருக்குள் போகாது, வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். அத்தனை ஜனமும் மலை சுற்றுவதற்காக ஒரு பக்கம் போக, நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இடித்துக்கொண்டு நடந்தேன். கோபுரம் தெரிந்த இடத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது, இதில் சாமி என்ன செய்யும்?

பாய் என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திருப்பி, சிடி போடுகிற பக்கம் விரலை வைத்துத் தடவினார். அந்தத் தட்டு ஒரு நெல் அளவுக்கு வெளியே வந்திருந்தது. பெருவிரலால் அழுத்தினார். டக் என்று உள்ளே போனது.

"துடைக்கும்போது துணி மாட்டி இழுத்திருக்கும் அக்கா. லூசாத் தொட்டும் தொடாம இருந்ததால அதுக்குக் குழப்பம் ஆயிடுச்சி. அதான் பார்மட் கேட்டிருக்கு. பயப்படாதீங்க, பார்மட் போட்டாலும் எடுத்துடலாம். குயிக் பார்மட் தானே போட்டீங்க?"

அதைக் கேட்டதும் என் மனசில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "இல்ல பாய், அவசரமா வேணாம்னு அந்த டிக்கை எடுத்துட்டு முழுசா போட்டேன்" என்றேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துச் சொன்னேன்.

பாய் கையில் எடுத்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "குயிக்னா வாசல்ல இருக்கிற பேர்ப் பலகையை மட்டும் கழட்டறது அக்கா. வூடு அப்படியே இருக்கும். முழுசுன்னா ஒவ்வொரு செங்கலா இடிச்சி நெரவிட்டுப் போறது."

அந்த டிக்கை நான் எடுக்காமல் விட்டிருந்தால், என் கணவர் குரல் அன்று சாயங்காலமே கிடைத்திருக்கும்.

இருந்தாலும் பாய் விடவில்லை. இரண்டு நாள் ஒரு மெஷினை அதற்கென்றே ஒதுக்கித் தேடவிட்டார். அடுத்தடுத்த நாள் போய் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். டிஸ்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் காட்டினார். வரிசை வரிசையாகப் பூஜ்யம். இறக்கிக்கொண்டே போனார், பூஜ்யமே வந்துகொண்டிருந்தது. சென்னையில் தெரிந்த ஆளுக்கு என் எதிரிலேயே போன் போட்டார். அந்த ஆளும் அதே கேள்வியைத்தான் கேட்டார். குயிக்கா, முழுசா? பதிலைக் கேட்டதும், அனுப்ப வேண்டாம் பாய், வீண் அலைச்சல் என்றார்.

பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "டி-க்கு ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் சொன்னேன். டி-க்கே போட்டுடாதீங்கன்னு இன்னொரு வார்த்தை சேத்துச் சொல்லலியே அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? தப்பு செய்தவளுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறது. தப்பே செய்யாத அந்த மனுஷன் என்னால் வருத்தப்பட்டதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

வேறு எங்கேயாவது என் கணவர் குரல் இருக்குமா என்று அலைந்தேன். பழைய போனை மாற்றிக்கொண்ட கடையில் கேட்டால், அது எப்போதோ கைமாறிப் போய்விட்டது என்றார்கள். அவர் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற பழக்கம் இல்லாதவர், எதுவென்றாலும் நேராகப் போன் போட்டே பேசுவார். சொந்தக்காரர்களின் விசேஷ வீடியோ எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு காதுகுத்து வீடியோவில் மட்டும் கேமராவைப் பார்த்து என்னமோ சொல்லிச் சிரிக்கிறார். மேளச் சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரிகிறது.

மகளிடம் முதலில் சொன்னேன். கத்துவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள், "பரவால்லம்மா, அப்பா கிட்ட மெதுவா சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. பதினெட்டு வயதுப் பெண் அம்மாவுக்காக அவ்வளவு கவனமாகப் பேச வேண்டியதாகிவிட்டதே என்பது தனி வேதனை.

அவரிடம் சொன்னது அதற்கடுத்த நாள். பௌர்ணமிக் கூட்டம் வடிந்து, அவருக்கு லீவு கிடைத்த நாள். காலையில் குளித்துவிட்டு வந்து மூச்சு விடக் கழுத்தில் போட்ட துளையை மறைக்கிற துணியை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். டிக்கை எடுத்ததையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் கட்டிக்கொண்டிருந்த முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு என்னையே பார்த்தார். எழுந்து மாடிக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. நோட்டை எடுத்து எழுதினார். "அசலே போச்சு. நகல் போனதுக்கு அழறியே."

எழுத்தில்கூட அவர் வாயாடிதான். அதைப் படித்ததும் எனக்கு அது வரை வராத அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அழுது முடித்த பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன். "எனக்குன்னு பேசி வெச்சீங்களே, அதுல இன்னா சொன்னீங்க? இப்ப எழுதிக் காட்டுங்க."

பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார். வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தார். ஒரு புள்ளி மட்டும் மையில் ஊறிப் பெரிதாகியது. பிறகு, "ஞாபகம் இல்லை" என்று எழுதினார். பக்கத்தைத் திருப்பி, "மோர் இருக்கா?" என்று எழுதினார். எழுந்து போய் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையா, அல்லது வாயால் சொன்னதை எழுதிக் காட்ட அவருக்கு மனசு வரவில்லையா, எனக்குத் தெரியாது. மறுபடி கேட்கிற தைரியமும் வரவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம், கேட்பதற்குப் பயந்ததற்கு நானே வைத்துக்கொண்ட பேர்தான். கேட்டிருந்தால், டிஸ்க் போனாலும் என் காதுக்குள் இருந்திருக்கும்.

அந்தப் பதிவை ஒருநாளும் நான் திறக்கவில்லை என்றாலும், அதன் பக்கத்தில் எவ்வளவு நேரம் ஓடும் என்று போட்டிருந்தது கண்ணில் பட்டிருக்கிறது. ஆறு நிமிஷம் பதினாலு நொடி. என் கணவர் எனக்கென்று கடைசியாகப் பேசியதில் எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான். அது எவ்வளவு நேரம் என்று இப்போதெல்லாம் எனக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். வேலையெல்லாம் முடிந்ததும் தினமும் ஒரு தடவையாவது, அவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.